சீட் பெல்ட் எப்படி இயங்குகிறது? குக்கரை வைத்து ஒரு விளக்கம்

ஜார்ஜ் டவுன் தெருக்களின் நெரிசலைக் குறைக்க, இரும்புக் கடைகளை ஊருக்கு வெளியே கொண்டுவர சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) உருவாக்கிய இடம் சாத்தாங்காடு இரும்பு எஃகுச் சந்தை. கம்பி, ஆங்கிள், சேனல், ஷீட் என்று அங்கே ஏற்றிக்கொண்டு மணலி விரைவுச் சாலைப் பக்கமும் திருவொற்றியூர் பக்கமும் கிளம்பும் சின்ன வண்டிகளை நம்பித்தான் சென்னையின் பல பட்டறைகள் ஓடுகின்றன. 2005இல் வந்து 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ், எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட் 2011இல் கொண்டுவந்த தோஸ்த், மகிந்திராவின் பொலேரோ பிக்கப் என்று எல்லாம் அந்த வரிசையில் நிற்கும்.

இந்த வண்டிகளில் ரிப்பேர் செய்ய முடியாதது என்று எங்கள் பகுதியில் எதுவும் கிடையாது. சேஸில் விரிசல் விட்டால் வெல்டிங், சைலன்சர் ஓட்டையானால் ஒட்டு, பாடி நசுங்கினால் டிங்கரிங். அந்தக் கைத்திறன்தான் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அதே பழக்கத்தில் சீட் பெல்ட்டிலும் கை வைத்துவிடுகிறோம். பட்டை பிய்ந்தால் ஒரு தையல், பக்கிள் இறுகினால் இரண்டு சொட்டு எண்ணெய், போல்ட் தொலைந்தால் பக்கத்துக் கடையில் கிடைத்த ஒரு போல்ட். மூன்றும் ஆளைக் கொல்லக்கூடிய வேலைகள்.

சீட் பெல்ட்டில் நாம் செய்யத் தகுந்த ரிப்பேர் ஒன்றே ஒன்றுதான்: சுத்தம் செய்வது. மற்றபடி எது கெட்டாலும் முழு செட்டையும் மாற்ற வேண்டும். ஏன் என்று புரிந்துகொள்ள, நம் வீட்டு அடுப்பில் தினமும் விசில் அடிக்கும் பிரஷர் குக்கரே போதும். குக்கருக்கு ஐந்து பாகங்கள்: பாத்திரம், கேஸ்கட், மூடியின் பூட்டு, வெயிட், சேஃப்டி வால்வு. சீட் பெல்ட்டுக்கும் ஏறக்குறைய அதே ஐந்துதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

"சந்தைக்குள்ளதானே ஓட்டுறோம், இதுக்கு எதுக்கு பெல்ட்?" என்று கேட்காத ஓட்டுநர் குறைவு. எனவே மெதுவான வேகத்தையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. என்பது விநாடிக்கு 8.3 மீட்டர். வண்டி எதிலாவது மோதி நின்றாலும் உள்ளே இருக்கும் 70 கிலோ மனிதர் அதே வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறார். பெல்ட் இல்லையென்றால் அவரை நிறுத்துவது ஸ்டியரிங்கும் டேஷ்போர்டும் கண்ணாடியும்தான். அவர் ஐந்து சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டியிருந்தால், உடம்பின் மேல் விழும் சராசரி விசை சுமார் ஐந்து டன் எடைக்குச் சமம். அதுவும் நெஞ்சிலோ நெற்றியிலோ ஒரே இடத்தில் விழும்.

பெல்ட் போட்டிருந்தால் வண்டியின் முன்பக்கம் நசுங்கும் தூரமும் பட்டை நீளும் தூரமும் சேர்ந்து அவருக்குக் கிடைக்கும். அது அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதே கணக்கில் விசை அரை டன்னாகக் குறைகிறது. அந்த அரை டன்னும் இடுப்பெலும்பு, விலா, தோள்பட்டை எலும்பு என்று உடம்பில் வலுவான இடங்களுக்குப் பிரிந்து போகிறது. வேகம் 60 ஆனால் உடம்பு சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. கையை ஊன்றித் தாங்கிக்கொள்ளலாம் என்பது எந்த வேகத்திலும் நடக்காது.

சின்ன சரக்கு வண்டிகளுக்கு முன்மூக்கு குட்டை. காரில் இருக்கும் அளவுக்கு நசுங்க இடம் கிடையாது. அதனால் பெல்ட்டின் பொறுப்பு இங்கே கூடுதல். முன்சீட்டில் பெல்ட் போட்டிருப்பவர் விபத்தில் இறக்கும் வாய்ப்பு கார்களில் சுமார் 45 சதவீதமும், பிக்கப் போன்ற இலகு டிரக்குகளில் சுமார் 60 சதவீதமும் குறைகிறது என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் நெடுநாள் கணக்கு. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு மட்டும் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள்.

பட்டை: குக்கரின் கேஸ்கட்

கேஸ்கட் ஒரு ரப்பர் வளையம். பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் நாள்பட நாள்பட இறுகி, தளர்ந்து, ஓரத்தில் ஆவியை விடத் தொடங்கும். ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போட்டு இன்னும் நான்கு நாள் ஓட்டுவோம். குக்கரில் அதனால் வரும் நட்டம் சோறு வேகத் தாமதமாவது மட்டும். பெல்ட் பட்டையிலும் இப்படி நாள் கடத்தும் பழக்கம் இருக்கிறது, ஆனால் நட்டம் வேறு.

பட்டை பாலியெஸ்டர் இழைகளால் நெருக்கமாக நெய்யப்பட்டது. சீட் பெல்ட்டுகளுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 16இன்படி அதன் அகலம் 46 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சுமார் ஒன்றரை டன் இழுவையை அறுந்துபோகாமல் தாங்க வேண்டும். அந்த வலு முழுவதும் நீளவாக்கில் ஓடும் இழைகளில் இருக்கிறது. இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே அளவில் இழுபட்டால்தான் அந்த வலு கிடைக்கும். ஓரத்தில் பத்து இழை அறுந்திருந்தால் மோதலின்போது கிழிசல் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

பிய்ந்த பட்டையைத் தைக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே. சாக்குத் தைக்கும் ஊசியோ செருப்புத் தைக்கும் ஊசியோ ஒவ்வொரு குத்தலிலும் சில இழைகளை வெட்டுகிறது. போடும் நூலும் அந்த இழுவைக்குத் தகுந்ததாக இருக்காது. தொழிற்சாலையில் போடும் தையலின் நூல், அடர்த்தி, வடிவம் எல்லாமே இழுத்துச் சோதித்து முடிவு செய்யப்பட்டவை. பட்டையில் முடிச்சுப் போட்டுக் குட்டையாக்குவதும் அதே தப்புத்தான்.

சாத்தாங்காட்டில் பட்டைக்கு மூன்று பகைகள். முதலாவது வெயில், கேபின் ஜன்னல் ஓரமாக நாளெல்லாம் வெயில் படும் பகுதி நிறம் வெளுத்து மொரமொரப்பாகும். இரண்டாவது இரும்புத் தூள். வெட்டும் இடத்திலும் லோடு ஏற்றும் இடத்திலும் பறக்கும் தூள் நெசவுக்குள் புகுந்து, பட்டை உள்ளே போய் வெளியே வரும் ஒவ்வொரு முறையும் இழைகளை அரைக்கும். மூன்றாவது கிரீஸ், டீசல், பேட்டரி ஆசிட். ஆசிட் பட்ட பட்டையை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

சுத்தம் செய்வதற்கு, பட்டையை முழுவதும் வெளியே இழுத்து, மேலே ஒரு துணி கிளிப்பைப் போட்டு உள்ளே ஓடாமல் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்பைக் கலந்து, துணியால் நீளவாக்கில் துடையுங்கள். பிளீச்சிங், தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது. சாயம் ஏற்றவும் கூடாது. நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விட வேண்டும். ஈரத்தோடு விட்டால், பட்டையைச் சுருட்டி வைக்கும் ரிட்ராக்டருக்குள் துரு பிடிக்கும். தோளுக்கு மேலே பில்லரில் பட்டை நுழைந்து வரும் வளையத்தையும் மறக்காமல் துடையுங்கள். பெல்ட் மெதுவாக உள்ளே போகிறது, பாதியில் தொங்குகிறது என்ற புகாரில் பெரும்பகுதி அந்த வளையத்தில் படிந்த பிசுக்கால் வருவது. ஒரு துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். ஸ்பிரிங்கைக் குறை சொல்லத் தேவையில்லை.

பக்கிள்: மூடியின் பூட்டு

குக்கர் மூடியைத் திருப்பி, இரண்டு கைப்பிடிகளும் நேருக்கு நேர் வந்து பொருந்தினால்தான் அடுப்பில் ஏற்றுவோம். பாதி பொருந்திய மூடி, மூடாத குக்கரைவிட ஆபத்து என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பக்கிளுக்கும் அதே விதி. பட்டையில் இருக்கும் உலோக நாக்கு முழுவதும் உள்ளே போய் 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும்.

பக்கிளுக்குள் ஒரு சின்ன எஃகுத் தாழ்ப்பாள், அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு ஸ்பிரிங், நாக்கை வெளியே தள்ளும் இன்னொரு ஸ்பிரிங், சிவப்புப் பொத்தான். அவ்வளவுதான். நாக்கு உள்ளே போனதும் தாழ்ப்பாள் அதன் துளைக்குள் விழுகிறது. பொத்தானை அழுத்தினால் விலகுகிறது. பெரிய மோதலுக்குப் பின்னும் இந்தப் பொத்தான் விரல் அழுத்தத்துக்குத் திறக்க வேண்டும். அதற்கு ஐ.நா. ஒழுங்குவிதி 16 வைத்திருக்கும் உச்ச வரம்பு 60 நியூட்டன், அதாவது சுமார் 6 கிலோ எடை அழுத்தம். தீப்பிடித்தாலோ கால்வாய்க்குள் வண்டி இறங்கினாலோ ஓட்டுநர் தானே வெளியே வர வேண்டும் என்பதற்காக வைத்த வரம்பு அது.

பக்கிள் பழுதாவதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே விழுந்த பொருள்தான். சில்லறைக் காசு, முறுக்குத் துணுக்கு, டீ சிந்திய பிசுக்கு, கூடவே இரும்புத் தூள். எண்ணெய் விட்டால் அன்றைக்கு இளகும். ஒரு மாதத்தில் எண்ணெயும் தூளும் கலந்து சேறு போலாகி, தாழ்ப்பாள் பாதியிலேயே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியதாகவே தெரியும். ஆகவே பக்கிளைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டுங்கள், பட்டறையில் காற்று அடித்து ஊதுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். ஒரே ஒரு முறை தடங்கினாலும் செட்டை மாற்ற வேண்டும். திருகைக் கழற்றி உள்ளே நெம்பிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

ரிட்ராக்டர்: குக்கரின் வெயிட்

குக்கரின் வெயிட்டுக்குக் கரண்ட் கிடையாது, வயர் கிடையாது. அதன் சொந்த எடைதான் அதன் வேலை. குக்கர் நேராக நிற்க வேண்டும், ஆவிக் குழாயில் பருப்பு நுரை அடைத்திருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் எத்தனை வருடமானாலும் அது தவறாது. பெல்ட்டின் ரிட்ராக்டரும் இதே முறையில்தான் இயங்குகிறது.

பில்லரின் அடியில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும் அந்தப் பெட்டியில் பட்டை ஒரு உருளையில் சுற்றியிருக்கும். ஒரு பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் அதை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். மறு பக்கத்தில் பற்சக்கரமும், அதில் போய் மாட்டும் ஒரு சின்ன நெம்புகோலும். அந்த நெம்புகோலைத் தூக்குவது, ஒரு குழிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் எஃகு உருண்டை. வண்டி சட்டென்று வேகம் குறைந்தால் உருண்டை கிண்ணத்தின் சரிவில் ஏறும், நெம்புகோல் எழும், பற்சக்கரம் பூட்டிக்கொள்ளும், பட்டை அதற்குமேல் வராது. வண்டி நின்றதும் உருண்டை தன் எடையால் பழைய இடத்துக்கு வந்துவிடும், பூட்டும் விலகும்.

இரண்டாவது காவலும் உண்டு. உருண்டை எதுவும் செய்யாவிட்டாலும், பட்டையையே வேகமாக இழுத்தால் உருளையோடு சுற்றும் இன்னொரு பாகம் தன் வேகத்தால் விலகிப் பூட்டிவிடும். கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்க்கும்போது நாம் சோதிப்பது இந்த இரண்டாவது காவலைத்தான்.

உருண்டை எப்போது ஏற வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. ஐ.நா. ஒழுங்குவிதி 16இன்படி வழக்கமான ரிட்ராக்டர், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.45 பங்கு வேகக்குறைப்பு வந்தால் பூட்ட வேண்டும். சரக்கு வண்டிகள் குலுங்கி ஓடுபவை என்பதால் அவற்றுக்கு 0.85 பங்கு வரை பொறுத்துப் பூட்டும் வகைக்கும் அனுமதி இருக்கிறது. சரிவுக்கும் இதே போல அளவு உண்டு. பொருத்திய நிலையிலிருந்து 12 பாகை வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது. 27 பாகைக்கு மேல் சாய்ந்தால் வழக்கமான வகை பூட்டியே ஆக வேண்டும். சரக்கு வண்டி வகைக்கு அந்த வரம்பு 40 பாகை.

பட்டறையில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. ரிட்ராக்டரைக் கழற்றிக் கையில் எடுத்ததும் பட்டை வெளியே வராது. புதுப் பெட்டியைப் பிரித்தாலும் அப்படித்தான். பீஸ் போய்விட்டது என்று நினைத்துப் பலவந்தமாக இழுப்பார்கள். பீஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. கையில் சாய்ந்திருப்பதால் உருண்டை சரிந்து பூட்டியிருக்கிறது. வண்டியில் எந்தக் கோணத்தில் உட்காருமோ அந்தக் கோணத்துக்கு மெல்லத் திருப்பினால் ஒரு கட்டத்தில் பட்டை தானாக இளகி வரும். பழைய பீஸைச் சோதிக்கவும் இதுவே வழி: சரியான கோணத்தில் வர வேண்டும், சாய்த்தால் நிற்க வேண்டும். எந்தக் கோணத்திலும் தாராளமாக வந்துகொண்டே இருக்கும் ரிட்ராக்டர் செத்துவிட்டது என்று அர்த்தம்.

இடது பக்கத்து ரிட்ராக்டரை வலது பக்கத்தில் போடக் கூடாது, ஒரு மாடலுடையதை இன்னொரு மாடலில் போடக் கூடாது என்று சொல்வதற்கும் காரணம் அந்தக் கிண்ணம்தான். பில்லரின் சரிவுக்கு ஏற்ப, வண்டியில் பொருத்திய பின் கிண்ணம் நேராக நிற்கும்படி அதைத் தொழிற்சாலையில் அமைக்கிறார்கள். வேறு பில்லரில் போட்டால் ஒன்று எப்போதும் பூட்டிக்கொண்டு தொல்லை கொடுக்கும், இல்லையென்றால் தேவையான நேரத்தில் பூட்டாது.

ஸ்பிரிங் இருக்கும் பக்கத்து மூடியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் சுற்றியிருக்கும் மெல்லிய எஃகுத் தகடு ஒரே வீச்சில் வெளியே பாயும். கை, கண் இரண்டுக்கும் ஆபத்து. திரும்பச் சுற்றி வைத்தாலும் பழைய இழுவை வராது.

ஒரே முறை வேலை செய்யும் பாகங்கள்: சேஃப்டி வால்வு

வெயிட் அடைத்துக்கொண்டு அழுத்தம் எல்லை மீறினால் குக்கரைக் காப்பாற்றுவது சேஃப்டி வால்வு. அதற்குள் இருக்கும் மெல்லிய உலோகக் கலவை உருகி ஆவியை வெளியே விட்டுவிடும். குக்கர் பிழைக்கும், வால்வு செத்துப்போகும். உருகிய வால்வை ஒட்டிப் பயன்படுத்த முடியாது. புதுசு வாங்கி மாட்டுகிறோம்.

பெல்ட்டிலும் இப்படித் தன்னைக் கொடுத்து நம்மைக் காக்கும் பாகங்கள் இருக்கின்றன. முதலாவது பட்டையே. மோதலில் அது நீண்டு கொடுத்து ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நீண்ட பட்டைக்கு அடுத்த முறை அதே அளவு கொடுக்கச் சக்தி இருக்காது. சில வண்டிகளில் பட்டையின் அடிப்பகுதியை மடித்து, பெரிய இழுவையில் பிரியும்படி தையல் போட்டிருப்பார்கள். ரிட்ராக்டரின் மையத் தண்டே முறுக்கிக்கொண்டு நெஞ்சின் மேல் விழும் விசையைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் உண்டு. ஏர்பேக் உள்ள வண்டிகளில் பிரீடென்ஷனர் என்ற பாகமும் இருக்கும். மோதிய உடன் ஒரு சின்ன வெடிமருந்துக் குப்பி வெடித்து, விநாடியில் சுமார் நூறில் ஒரு பங்கு நேரத்தில் பட்டையின் தளர்ச்சியை உள்ளே இழுத்துவிடும். இவை எல்லாமே ஒருமுறைதான்.

அதனால்தான் பெரிய மோதலில் இருந்த வண்டியின் பெல்ட்டை, பார்வைக்குப் புதுசு போல இருந்தாலும், மாற்ற வேண்டும். மோதலின் தடயங்களைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். தோள் வளையத்தின் பிளாஸ்டிக்கையும் நாக்கின் பிளாஸ்டிக்கையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டை உரசிய சூட்டில் பிளாஸ்டிக் இளகி, ஒரே திசையில் கோடு கோடாக இழுத்திருக்கும். பட்டையிலும் அந்த இடத்துக்கு நேராக ஒரு பளபளப்பு தெரியும். விரலால் தடவினால் நெசவின் சொரசொரப்பு இருக்காது, வழுவழுப்பாக இருக்கும். அடிப்பக்கத் தையல் பிரிந்திருக்கும். இதில் ஒன்று இருந்தாலும் அந்த பெல்ட் ஒரு உயிரைத் தாங்கி முடித்துவிட்டது. இன்னொன்றைத் தாங்காது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் இந்தத் தடயத்தைப் பார்ப்பது நல்லது. டிங்கரிங்கும் பெயின்ட்டும் பாடியின் கதையை மறைத்துவிடும். பெல்ட் மறைக்காது.

போல்ட்டும் பில்லரும்: குக்கரின் பாத்திரம்

விளிம்பு வளைந்த பாத்திரத்துக்குப் புது கேஸ்கட், புது வெயிட் எல்லாம் வாங்கிப் போட்டும் பயனில்லை. அது போல, பெல்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் இரும்பு உளுத்திருந்தால் எல்லாம் வீண். எங்கள் பகுதியில் இது முதன்மையான கவலை. எண்ணூர் கடல் காற்றின் உப்பும், மழைத் தண்ணீரும், கேபின் தரையில் படியும் இரும்புத் தூளும் சேர்ந்து பில்லரின் அடியையும் தரைத் தகட்டையும் சாப்பிடுகின்றன.

தரை மேட்டைத் தூக்கிவிட்டு, போல்ட்டைச் சுற்றி ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீரென்ற சத்தம் வர வேண்டும். மொத்தென்று கேட்டாலோ, தகடு தகடாகத் துரு உதிர்ந்தாலோ, முதலில் அந்த இரும்பை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். அதைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ பாடி வேலை தெரிந்த நல்ல பட்டறையிலோ செய்யுங்கள். பட்டி போட்டுப் பெயின்ட் அடித்துவிட்டால் எஃப்.சி. வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பட்டி எந்த இழுவையையும் தாங்காது.

அடுத்தது போல்ட். இரும்புச் சந்தையைச் சுற்றி போல்ட்டுக்குப் பஞ்சமில்லை; ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. உலகெங்கும் பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் போல்ட் 7/16 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 20 மரை. விட்டம் 11.1 மில்லிமீட்டர். கண்ணுக்கு 12 மில்லிமீட்டர் போல்ட் மாதிரியே இருக்கும். 12 மில்லிமீட்டர் போல்ட்டை வைத்து ஸ்பானரால் அழுத்தித் திருகினால், தகட்டின் பின்னால் வெல்டு செய்திருக்கும் நட்டின் மரையே அழியும். முறுக்கியதாகத் தோன்றும், இழுத்தால் உருவிக்கொண்டு வரும். சாதாரண மைல்ட் ஸ்டீல் போல்ட்டாக இருந்தால் இன்னும் மோசம். மோதலில் அது வெட்டுப்படும்.

தோள் வளையத்தின் போல்ட்டில் மரைக்கு முன்னால் மரையில்லாத ஒரு வழுவழுப்பான கழுத்து இருப்பதைக் கவனியுங்கள். வளையம் அந்தக் கழுத்தில்தான் தாராளமாகச் சுழல்கிறது. கழுத்தில்லாத போல்ட்டைப் போட்டு இறுக்கினால் வளையம் ஆடாது. பட்டை ஒரு ஓரமாகக் குவிந்து மடங்கும். ஆகவே பெல்ட் செட்டோடு வரும் போல்ட்டைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

மாற்றும் முறை

வேலை தெரிந்த மெக்கானிக்குக்கு இது பெரிய வேலையில்லை. வரிசை தவறாமல் செய்தால் போதும்.

முதலில் வண்டியின் மாடல், தயாரித்த வருடம், ஓட்டுநர் பக்கமா எதிர்ப் பக்கமா என்பதைச் சொல்லி கம்பெனி பார்ட் நம்பரோடு செட் வாங்குங்கள். பட்டையில் தயாரிப்பாளர் லேபிளும் தர எண்ணும் தைத்திருக்க வேண்டும். லேபிள் இல்லாத செட்டை வாங்காதீர்கள்.

ஏர்பேக்கோ பிரீடென்ஷனரோ உள்ள வண்டியென்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, கம்பெனி கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே கை வைக்க வேண்டும். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால், அந்த வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பில்லர் டிரிம்மைக் கழற்றியதும், எதையும் தொடுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போல்ட்டிலும் வாஷர், புஷ், அலைத் தகடு என்று எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசையில் திரும்பப் போக வேண்டும். பிறகு அடிப் போல்ட், தோள் வளையம், ரிட்ராக்டர் என்று கழற்றுங்கள்.

நட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். புது ரிட்ராக்டரில் ஒரு நீட்டல் இருக்கும். பில்லரில் அதற்கென்று உள்ள துளையில் அது உட்கார வேண்டும். கோணத்தைச் சரியாக நிறுத்துவது அந்த நீட்டல்தான், வெட்டி எறியாதீர்கள். எல்லாப் போல்ட்டையும் முதலில் நான்கைந்து சுற்று வெறும் கையால் திருகுங்கள். கையால் போகாத போல்ட் மரை மாறியிருக்கிறது என்று அர்த்தம். கடைசி இறுக்கலுக்கு டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தி, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். நீளமான குழாயை ஸ்பானரில் மாட்டி முழு பலத்தையும் காட்டுவது போல்ட்டை உள்ளுக்குள் பலவீனமாக்கும்.

பட்டை வளையத்திலிருந்து அடிப் போல்ட் வரை எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டிரிம்மை மூடும் முன் மெதுவாக இழுங்கள், கடைசிவரை வர வேண்டும். விட்டால் முழுவதும் உள்ளே போக வேண்டும். வெடுக்கென்று இழுங்கள், நிற்க வேண்டும். எச்சரிக்கை விளக்கும் சத்தமும் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள்.

கழற்றிய பழைய பெல்ட்டைக் குறுக்கே வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். வெட்டாமல் போட்டால் அது யாரோ ஒருவரின் வண்டியில் மறுபடி ஏறும்.

பழசு வாங்குவது பற்றி

புதுப்பேட்டையில் கிடைக்காத வண்டிப் பாகம் இல்லை. கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் அங்கே பழசாக வாங்கலாம். சீட் பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள். பிரிக்க வந்த வண்டிகளில் பல, மோதி நொறுங்கி வந்தவை. அந்த பெல்ட்டின் வால்வு ஏற்கெனவே உருகியிருக்கலாம். ஜி.பி. ரோட்டிலோ கம்பெனி டீலரிடமோ பில்லோடு புதுசு வாங்குங்கள்.

எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்த பக்கிளில் செருகும் வெறும் நாக்கு கிளிப்புகளும் வாங்கக் கூடாதவைதான். 2022 செப்டம்பர் 4 அன்று மும்பைக்கு அருகே பால்கரில் நடந்த கார் விபத்தில், பின்சீட்டில் பெல்ட் அணியாமல் இருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அதற்குப் பிறகு இந்தக் கிளிப்புகள் மேல் அரசின் பார்வை திரும்பியது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட, 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. உங்கள் வண்டியில் அப்படியொன்று செருகியிருந்தால் இன்றே எடுத்து எறியுங்கள். பட்டையை முதுகுக்குப் பின்னால் பூட்டிவிட்டு அதன் மேல் சாய்ந்து உட்காருவதும் அதே காரியம்தான்.

ஓட்டுநரும் முன்சீட்டில் இருப்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆம் விதி. 2019இல் சேர்த்த 194பி பிரிவின்படி அணியாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். அபராதத்துக்குப் பயந்து எம்.எஃப்.எல். சந்திப்பில் மாட்டி, தாண்டியதும் கழற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுவோம். பெல்ட் காப்பது போலீஸ் நிற்காத இடத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெல்ட் ஆளைப் பிடிக்கும், லோடைப் பிடிக்காது. மோதும்போது கட்டாத கம்பியும் ஆங்கிளும் அதே வேகத்தில் கேபினின் முதுகைத் துளைத்துக்கொண்டு வரும். லோடை இறுக்கிக் கட்டுவதும் பெல்ட் போடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். லோடுமேன்களை இரும்பின் மேல் உட்கார வைத்து அனுப்பக் கூடாது. கேபினில் எத்தனை பெல்ட் இருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும்.

ஓனர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும்

மூன்று முனை சீட் பெல்ட்டை உருவாக்கியவர், விமானங்களின் அவசர வெளியேற்ற இருக்கைகளை வடிவமைத்த ஸ்வீடன் நாட்டு இன்ஜினியர் நில்ஸ் போலின். வோல்வோ நிறுவனம் 1959இல் அதைத் தன் கார்களில் பொருத்தியது. காப்புரிமையை வைத்துக் காசு பார்க்காமல் எல்லா நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. இலவசமாக உலகுக்குக் கிடைத்த அந்தக் கண்டுபிடிப்பு உங்கள் வண்டியிலும் இருக்கிறது. அதை நல்ல நிலையில் வைத்திருப்பது மட்டும்தான் நம் பங்கு.

ஓனர்களே, ஆயில் மாற்றும் நாளில் மெக்கானிக்கிடம் இரண்டு பெல்ட்டையும் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் அந்த மாதச் செலவுக் கணக்கில் முதல் வரியாக அதை எழுதுங்கள். ஓட்டுநர்களே, பெல்ட் வேலை செய்யவில்லை என்றால் ஓனரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள். பிரேக் இல்லாத வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்வதற்கு இருக்கும் அதே உரிமை இதற்கும் உண்டு. நாளைக் காலை லோடு ஏற்றுவதற்கு முன் ஒருமுறை மெதுவாக இழுங்கள், ஒருமுறை வெடுக்கென்று இழுங்கள், ஒருமுறை பூட்டித் திறங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த செட்டை மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.